கறுப்புத் தண்ணீர்

“தம்பி போறான் இசிடோர். அங்க பாரு, தள்ளித் தள்ளிப் போறான்.”

தேநீர்க் குவளையோடு கூடாரத்திலிருந்து வெளியே வந்த இசிடோர் அப்படியே நின்றுவிட்டான். வட கனடாவின் பெருங்கரடி ஏரியின் உறைந்த பரப்பில் நெடுகப் பிளவு விட்டிருந்தது. இடையில் கறுப்பாகத் தண்ணீர். அந்தப் பக்கம், மூடுபனிக்கு முன்னால், சிவப்புச் சட்டையில் சிறு உருவமாக ஃபேபியன்.

செலின், அவள் கணவன் இசிடோர், தம்பி ஃபேபியன் மூவரும் நாலு நாளாக இங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கு விறகு பொறுக்கி வருவதாகச் சொல்லி ஃபேபியன் காலையில் ஆற்று வாய்ப் பக்கம் நடந்து போனான். ஜூன் பிறந்தால் ஆற்று வாயில்தான் பனி முதலில் விடும். ஏரிக்காரர்கள் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“நான்தான் குளிருதுன்னு சொன்னேன். நான் சொல்லித்தான் போனான்,” என்றாள் செலின்.

“இப்ப அதையெல்லாம் பேசாத. கயிறை எடு.”

மோட்டார் பனிவண்டிக்குப் பின்னால் மாட்டியிருந்த சறுக்குவண்டியில் மீன் மூட்டைகளைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து இசிடோர் முழு பலத்தோடு வீசினான். அது பாதி தூரம் போய்த் தண்ணீரில் விழுந்தது. இழுத்து, மறுபடி வீசினான். இந்தத் தடவை பாதிகூடப் போகவில்லை.

“பனிவண்டிய வேகமா விட்டுத் தாண்டிடவா?”

“தாண்டு. முழுகினதும் ரெண்டு பேரையும் நான் உட்கார்ந்து தேடறேன்.”

அவன் கயிற்றைச் சுருட்டினான். படகு ஊரில் கவிழ்த்துப் போட்டபடி கிடந்தது. பனி இன்னும் பத்து நாள் தாங்கும் என்று அதை விட்டுவிட்டு வந்தவன் அவன்தான்.

ஃபேபியன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினான். ஏதோ கத்தினான். ஆற்று இரைச்சலில் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. செலின் வாயருகே கை குவித்து, “உட்காருடா. அசையாத. உட்காரு,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தெற்கிலிருந்து வந்த முதல் வாத்துகள் நாலைந்து அந்தத் தண்ணீரில் இறங்கி, தங்கள் பாட்டுக்கு முங்கி எழுந்தன.

இசிடோர் வயர்லெஸ்ஸை எடுக்க ஓடினான். வழியில், மீன் பிடிக்கப் பனியில் குடைந்திருந்த துளையைப் பார்த்துச் சற்றே நின்றான். நாலு நாளாக நேராகத் தொங்கிய தூண்டில் கயிறு இன்று துளையின் விளிம்பை உரசிச் சாய்ந்து கிடந்தது. சுண்டிப் பார்த்தான். மீன் இல்லை. அதை நினைக்க அப்போது நேரமும் இல்லை.

கரிபூ மான்களைக் கணக்கெடுக்க அந்த வாரம் ஊருக்கு ஒரு ஹெலிகாப்டர் வந்திருந்தது. பைலட் பெண் கிடைத்தாள்.

“மூடுபனி ஜாஸ்தியா இருக்கு. பெட்ரோலும் ஒரு நடைக்குத்தான். எத்தனை பேர்?”

செலின் வயர்லெஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டாள். “ஒரே ஆள்தாம்மா. என் தம்பி. பனி உடைஞ்சு அவனைக் கொண்டுட்டுப் போகுது. நாங்க பத்திரமாத்தான் இருக்கோம். எங்களைப் பார்க்க வேணாம், நேரா அவன்கிட்ட போ.”

திரும்பிப் பார்த்தபோது ஃபேபியன் மண்டி போட்டிருந்தான். முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டிருந்தான். அம்மாவைப் புதைத்த அன்றுகூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவனை வளர்த்தது அவள். இன்றைக்கு அவளால் செய்ய முடிந்ததெல்லாம் நின்று பார்ப்பதுதான். சிவப்பு ஒரு புள்ளியானது. பிறகு மூடுபனி அதையும் வாங்கிக்கொண்டது.

இசிடோர் அவள் தோளில் கை வைத்தான். தட்டிவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து ஹெலிகாப்டரின் சத்தம் கேட்டது. மூடுபனிக்குள் எங்கோ இறங்கியது. பிறகு எழுந்தது. ஊர்ப் பக்கம் போகும் என்று பார்த்தால், சத்தம் இவர்களை நோக்கி வந்தது.

“இங்க எதுக்கு வர்றா? அவனை ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லு,” என்றாள் செலின்.

வயர்லெஸ் கரகரத்தது. “சாமான் எதையும் எடுக்காதீங்க. வந்து ஏறுங்க.”

ஹெலிகாப்டர் கால்களை முழுதாக ஊன்றாமல் பனியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதிலிருந்து குதித்து ஓடி வந்த ஃபேபியன், அக்காவின் கையைப் பிடித்த பிடியில் அவளுக்கு எலும்பு வலித்தது.

அவள் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “பாவி. தண்ணி உன்னைக் கொண்டுபோயிடுச்சுன்னே நினைச்சேன்டா.”

ஃபேபியன் அவளைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தான்.

“நான் கரையிலதான் நின்னேன்க்கா. மெதந்து போனது நீங்க.”