பெண் கேட்க மூன்று துவக்கங்கள்

1953 ஜூலை 9. "இன்று ஒரு பிழை. மாலைக் கணக்குப்பதிவு வகுப்பில் சார் பற்று எது, வரவு எது என்று கேட்டார். 'முதலில் குதிரையை வெளியே எடுக்க வேண்டும், சார்' என்று சொல்லிவிட்டேன்."

டைரியை மூடிவிட்டுச் சத்தியநேசன் ஆங்கிலச் சதுரங்கப் புத்தகத்தைத் திறந்தான். வகுப்புத் தோழன் பொன்னுலிங்கம் எட்டிப் பார்த்தான்.

"ஏலே, யாருகூடயாவது ஆடியிருக்கியா?"

"இல்ல. புக்குல படிச்சே பழகிட்டேன்."

"கொள்ளாம்! அப்ப குழித்துறை ஆத்துல நீந்தவும் ஒரு புக்கு வாங்கு."

சத்தியநேசன், தான் விரும்பிய நேசபாயைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். அவள் அப்பா ஜான்ரோஸ் ஒரே பதில்தான் சொல்லியனுப்பினார்: "பய சனியாழ்ச்ச வந்து எங்கூட ஒரு ஆட்டம் ஆடட்டும். ஆளப் பாத்துச் சொல்லுதேன்."

புத்தகத்தில் ஆட்டத்தைத் துவக்கும் வகைகள் ஏராளம். சனிக்கிழமைக்குள் மூன்றுக்குமேல் மண்டையில் ஏறாது. வாயில் நுழையாத பெயர்களை முதலில் கோடிட்டு அடித்தான். எதிராளி காலாளை ஒரே கட்டம் நகர்த்தும் வகைகளையும், 'இத்தனை கோழையாக யார் ஆடுவார்?' என்று அடித்தான்.

சனிக்கிழமை ஜான்ரோஸ் பலகையை விரித்தார். "கேக்க வந்தவன் நீ. நீயே மொதல்ல காய நீக்கி ஆடு, மக்கா."

சத்தியநேசன் ராஜாவுக்கு முன்னிருந்த காலாளை இரண்டு கட்டம் தள்ளினான். ஜான்ரோஸ் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு தம் காலாளை ஒரு கட்டம் நகர்த்தினார்.

அடித்துவிட்ட வகை! அதற்கு என்ன ஆடுவது என்று அவன் படிக்கவேயில்லை. அடுத்த காலாளையும் இரண்டு கட்டம் தள்ளினான். அவர் மறுபடியும் அவனைப் பார்த்தார். மறுபடியும் ஒரு கட்டம்.

காப்பி ஆறுவதற்குள் அவனுடைய ராஜா மாட்டிக்கொண்டார். நேசபாயும் போயாயிற்று என்று எழுந்து செருப்பைத் தேடினான்.

"இரி மக்கா. நம்மூர்ல காலாளு எப்பவும் ஒரு கட்டந்தான் போவும். நீ கூசாம ரெண்டு ரெண்டாத் தள்ளுத. நானும் எதுவர போவான்னு பாத்துட்டு இருந்தேன்."

"ஐயா, புக்குல மொதத் தடவ ரெண்டு கட்டம்..."

உள்ளே நேசபாய் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அவன் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

"கள்ளாட்டம் ஆடியும் தோக்குதவன், எம்மவள எங்க ஏமாத்தப் போறான்? நாளைக்கு அம்மையக் கூட்டிட்டு வா!"

வீடு திரும்பியதும் டைரியில் எழுதினான்: "நாளைய வேலை: ஆராதனை முடிந்ததும் அம்மாவுடன் நேசபாய் வீட்டுக்குப் போவது. கள்ளன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்வது."