கோரைப் புல்லும் ஒரு வசவும்

ஒரு குட்டையின் கரையில் கோரைப் புல் அடர்ந்திருந்தது. குதிக்க இடைஞ்சலாக இருக்கிறது, பிடுங்கிவிடலாம் என்றன தவளைகள்.

"வேண்டாம்பா. அந்த வேர்தான் கரையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு" என்றது அங்கே குடியிருந்த ஆமை.

"யோவ் ஓட்டுத்தலையா, உனக்கு எது மாறினாலும் பயம்தான்!" என்று தவளைகள் சிரித்தன. ஆமை எப்போது வாயைத் திறந்தாலும் இதே பதில்தான். இரண்டு மழைக்காலம் போயிற்று. பாதிப் புல்லும் போயிற்று.

ஒருநாள் ஆமைக்குப் பொறுக்கவில்லை. "தொண்டை மட்டும் இருக்கிற பயல்களா, வேரைத் தொடாதீங்கடா!" என்று கத்திவிட்டது.

குட்டையே அதிர்ந்துபோனது. அன்றைக்கே தவளைகள் கூட்டம் போட்டு, இனி எல்லாரும் நாகரிகமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்தன.

ஆமைக்கு உள்ளூர மகிழ்ச்சி. இத்தனை நாள் அது ஆசைப்பட்டதும் அதற்குத்தானே? "அப்போ என்னைச் சொன்னதெல்லாம்?" என்று கேட்டது.

"அது விமர்சனம். நீ பேசினதுதான் வசவு" என்றது தலைமைத் தவளை.

ஆனாலும் தன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்துவிட்டதே என்று ஆமை நொந்துபோய் மன்னிப்புக் கேட்டது. மீதிப் புல்லைத் தவளைகள் மிகவும் மரியாதையாகப் பிடுங்கின.

ஐப்பசி மழையில் கரை உடைந்து, தண்ணீரெல்லாம் ஓடிவிட்டது. வெறும் சேற்றில் உட்கார்ந்து தலைமைத் தவளை பணிவாகக் கேட்டது:

"ஐயா, அன்னிக்கு நீங்க எங்களைத் திட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. கூடவே வேற என்னமோ சொன்னீங்களே, அது என்ன?"