காலையில் ஊமையாகும் பெட்டி

“கண்ணை மூடிக்க வினோ. எதையும் பாக்காத. காது என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லு” என்றான் ராபின்.

வினோலியா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேட்டுப்பட்டி கோயில் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். தன் மனைவியின் காதை ராபின் முழுதாக நம்பினான். தன்னுடைய காதின் மேல்தான் அவனுக்குச் சந்தேகம்.

மேசையில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் இருந்தன. ஒன்று ராபினின் வால்வு செட். கம்பி வலை மூடிக்குள் கண்ணாடி வால்வுகள் செந்நிறமாகக் கனன்றுகொண்டிருந்தன. இன்னொன்று, கடைக்காரர் மணிமாறன் அப்போதுதான் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த புது டிரான்சிஸ்டர் செட். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

வால்வு செட்டில் பாட்டுக் கேட்டால் பாடுகிறவர் எதிரில் வந்து நிற்பதுபோல இருக்கும். ஆனால் இந்த டிசம்பர் குளிர் தொடங்கியதிலிருந்து மூன்று முறை அது படுத்துவிட்டது.

“ராத்திரி அருமையாப் பாடுது மணிமாறன். காலையில சுவிட்சைப் போட்டா ஊமை. கழட்டிப் பாத்தா உள்ள வெள்ளையா என்னமோ காஞ்சு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு.”

“கெப்பாசிட்டர் கசியுதுண்ணே. வயசாயிருச்சு. இன்னொரு தடவை படுத்தா டிரான்ஸ்பார்மரும் போயிரும். அப்புறம் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்.”

பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டை மணிமாறன் முதலில் வால்வு செட்டில் ஓடவிட்டார். ராபினுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. அடுத்து அதே பாட்டு புது செட்டில் ஓடியது.

“பின் வரிசையில ஒருத்தர் இருமுறதுகூடத் தெளிவாக் கேக்குது பாருங்க” என்றார் மணிமாறன்.

“அது சூசை சித்தப்பா. அவரு இருமலைக் கேக்கவா நான் புது செட்டு வாங்கணும்?” என்றான் ராபின். ஆனாலும் மனம் தராசுபோல ஆடியது. தேன் மாதிரி பாடிவிட்டுத் திடீரென்று சாகிற பெட்டியா? சுமாராகப் பாடினாலும் சாகாத பெட்டியா? அந்தத் தேனே தன் பிரமையாக இருந்தால்?

மணிமாறன் வினோலியாவின் பக்கம் திரும்பினார். “மதினி, இது ராப்பகலா ஓடுனாலும் சூடே ஆகாது. மேல கை வச்சுப் பாருங்க.”

அவள் கண்ணைத் திறந்து, உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. முகம் வாடியது.

“ஜில்லுன்னு இருக்கே தம்பி.”

“அதான் மதினி இதோட தரமே!”

“எம்புட்டு நேரம் ஓடுனாலும் இப்படியேதான் இருக்குமா?”

“ஆயுசுக்கும் இப்படியேதான்.”

“அப்ப வேணாம்” என்றாள் வினோலியா.

ராபின் எழுந்து நின்றுவிட்டான். “ஏன் வினோ?”

“பழசுல இருக்குறது இதுல இல்லங்க.”

“கேட்டீங்களா மணிமாறன்! உயிரு இல்லைங்கிறா! நான் சொன்னா கிறுக்குப் பயன்னீங்க. இப்ப பாட்டுக்காரியே சொல்றா!”

“மதினி, நல்லா யோசிச்சுக்கங்க. இதுக்குப் பழனியில ஒருத்தரு காத்துக்கிட்டு இருக்காரு. நாளைக்கு உங்க பழசு செத்துப்போச்சுன்னா நான் மாத்திக்க மாட்டேன்.”

“போகட்டும் தம்பி. படுத்தா ரிப்பேர் பாத்துக்கிறோம். இதைக் குடுக்க எனக்கு மனசில்ல.”

பணத்தைக் கொட்டி நோயாளியை வளர்க்கிறான் என்று வடமதுரையில் அவன் உரக்கடைக்கு வருகிறவர்கள்கூடக் கேலி செய்திருந்தார்கள். தன் காது தன்னை ஏமாற்றவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. புது செட்டை அவனே அட்டைப்பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டிக் கொடுத்தான்.

“இப்படி ஒரு காதை நான் பாத்ததில்லண்ணே” என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் மணிமாறன்.

வினோலியா அடுப்படிக்குள் போயிருந்தாள். ராபின் வால்வு செட்டின் முன் உட்கார்ந்து குரல் கொடுத்தான்.

“வினோ, தெனமும் என்னைத் தூங்கச் சொல்லிட்டு, செட்டை அணைக்காம வச்சுக்கிறியே. தனியா உக்காந்து அப்படி என்னதான் கேப்ப?”

“நான் எங்க கேக்குறேன்? சத்தத்தை முழுசாக் கொறச்சுட்டுப் படுத்துருவேன். விடியுமுன்ன எந்திரிச்சு அணைச்சுருவேன்” என்று பதில் வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள். கையில் தட்டு போட்டு மூடிய சில்வர் பாத்திரம்.

அதைக் கம்பி வலை மூடியின் மேல், வால்வுகளுக்கு நேராக வைத்தாள். ஆடாமல் உட்காருகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

“இந்தக் குளிருக்கு இட்லி மாவு வேற எங்க வச்சாலும் புளிக்க மாட்டேங்குதுங்க.”

ராபினின் பார்வை பாத்திரத்திலிருந்து வலைக்கும், வலையின் ஓட்டைகளுக்கும் இறங்கியது.

அவன் முகத்தைப் பார்த்து வினோலியா சமாதானமாகச் சொன்னாள்: “பயப்படாதீங்க, இன்னைக்கு முக்கால்வாசிதான் ஊத்தியிருக்கேன். பொங்கி உள்ள வழியாது.”