ஹாஜியாரின் துஆ

“மில்லில மூட்டை பாக்கிறவனுக்குக் கல்வீடு எங்கால வந்த?”

மருதமுனை முழுக்க இதே பேச்சு. பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அரசாங்க வரிக் கந்தோருக்குப் பெயர் போடாத மொட்டைப் பெட்டிசமும் எழுதிப் போட்டுவிட்டான்.

வருமானத்தைக் காட்டச் சொல்லி, மூட்டை பார்க்கும் ஸைனுலாப்தீனுக்குப் படிவம் வந்தது. அதை நிரப்பிக் கொடுத்த கிளாக்கர் கனகசிங்கம் ஓரிடத்தில் பேனையை நிறுத்தினார்.

“முதலாளியிட்டச் சம்பளக் கடிதம் ஒண்டு வாங்கிட்டு வாங்க காக்கா. இவ்வளவு காலமும் இன்ன சம்பளம் குடுத்தன் எண்டு அவர் எழுதினாப் போதும்.”

“தராட்டி?”

“வீடு கட்டின காசுக்கு வழி காட்டாட்டிக் கந்தோர் சும்மா விடாது. அவங்களே ஒரு தொகையப் போட்டு வரி கேப்பாங்க. கட்ட ஏலாட்டி வீட்டை ஏலத்தில போட்டாலும் போடுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிரணும்.”

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் ஓலைவீடு போன பிறகு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகள் நஸீறாவுக்காக ஸைனுலாப்தீன் எழுப்பிய வீடு அது. இந்தக் கரையில் வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணம் ஏது? மாப்பிள்ளை வந்து குடியேறுவதே பெண்ணின் வீட்டில்தானே. பெருநாள் கழிந்ததும் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். பெட்டிசக் கதை காதில் விழுந்ததும் மாப்பிள்ளை வீட்டார், “வீட்டு வழக்கு முடிஞ்சாச் சொல்லியனுப்புங்க” என்று எழுந்து போய்விட்டார்கள்.

ஆனாலும் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. மில் முதலாளி வேறு யாருமல்ல, மீராசா ஹாஜியார். ஏழைகளுக்கு அள்ளிக் கொடுப்பதில் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மாதாமாதம் அரிசியும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் தருவார். மிச்சச் சம்பளம் நோன்பு மாதத்தில் மொத்தமாக. பணமுள்ளவர் ஏழைகளுக்குக் கொடுத்தே தீரவேண்டிய சகாத்தைப் பங்கிடும் காலையில், ஏழைகள் வாசலில் வரிசைக்கு வருமுன்பே, ஸைனுலாப்தீனை உள்ளே கூப்பிடுவார். கைகால் முகம் கழுவி ஒளு எடுத்து, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து நின்று, கண்ணை மூடி உதடு அசைய ஏதோ ஓதிவிட்டு, வலக்கையால் காசைக் கொடுப்பார்.

“எனக்காக அல்லாஹ்விட்டத் துஆக் கேக்காம அந்த மனுசன் ஒரு வருசமும் சம்பளம் தந்ததில்ல” என்று வீட்டில் வந்து சொல்லிப் பூரித்துப் போவார் ஸைனுலாப்தீன்.

அப்பேர்ப்பட்ட ஹாஜியார் இப்போது பிடி கொடுக்கவில்லை. “நாளைக்குப் பாப்பம்” என்றார். மறுநாள், “நோன்புல தலை சுத்துது தம்பி” என்றார். அதற்கு மறுநாள் முன்வாசலால் இவர் போக, பின்வாசலால் அவர் தொழப் பள்ளிக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மனைவி சல்மா உம்மா ஸைனுலாப்தீனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வாங்க. புள்ள நோன்பு திறக்கக்கூட எழும்புறாளில்ல.”

விழுந்தார். மில்லின் அறைக்குள், ஹாஜியாரின் காலடியில், நெல் தூசுக்குள் விழுந்தார்.

“ஒரே ஒரு வரி எழுதித் தாங்க ஹாஜியார். நான் களவெடுக்கல்ல எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்டா. நீ தங்கமான மனுசன். எழும்பு.”

ஹாஜியார் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“சம்பளம் எண்டு எழுதித் தர ஏலா. நான் ஒரு வழி சொல்றன். ‘எனக்குச் சம்பளமில்ல, நான் ஒண்டுமில்லாத மிஸ்கீன். வருசா வருசம் ஹாஜியார் தாற சகாத்துக் காசிலதான் வீடு கட்டின’ எண்டு எழுதிக் குடு. சகாத் வாங்கினவனிட்ட ஆர் வரி கேக்கப்போறான்?”

ஸைனுலாப்தீன் தரையிலிருந்து எழுந்தார். சகாத்தில் கட்டிய வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? ஊரான் முகத்தில் எப்படி விழிப்பது?

“ராப்பகலா உங்கட மில்லில முறிஞ்சவன் நான். என்னைப் பொய் எழுதச் சொல்றீங்களா?”

“தவ்பா, தவ்பா! நோன்பு வாயால நான் பொய் சொல்லச் சொல்லுவனா?” ஹாஜியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “காசு தரக்குள்ள என்ட உதடு அசைஞ்சத நீ பாத்ததானே?”

“ஓம். எனக்குத் துஆ...”

“துஆ இல்லடா. ‘இது என்ட சகாத்’ எண்டு மனசில நிய்யத்து வெச்சுத்தான் ஒவ்வொரு வருசமும் ஒன்ட கையில தந்த. இப்ப போய் அதக் கூலி எண்டு எழுதினா, அல்லாஹ்விட்ட நான் பொய்யனாகிப் போயிருவன்தானே!”