மிஞ்சுகிற ஜாக்கெட்

எத்தனை பேர் என்று படகுத்துறைத் திரை கேட்டால் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் அழுத்துவார்கள். பூஜ்யம், ஆயிரம், சொந்த போன் நம்பர். அத்தனைக்கும் புரோகிராமில் தடுப்பு எழுதியிருந்தாள் மங்கையர்க்கரசி. ஒன்றுதான் பிடிபடவில்லை. இரண்டு பேராக வருகிறவர்கள் மூன்று என்று அழுத்தினார்கள்.

"ஜாக்கெட் ஒண்ணு மிஞ்சுது மேடம்," என்றார் துறையில் லைஃப் ஜாக்கெட் கொடுக்கும் சவரிமுத்து. "யாரும் போடாததுதான். ஆனா பட்டை மாட்டித்தான் திரும்பி வருது."

இனி திரைக்கு மேலிருக்கும் கேமரா எண்ணுவதே கணக்கு என்று அங்கேயே உட்கார்ந்து புரோகிராமை மாற்றினாள். அடுத்து வந்த கணவனும் மனைவியும் மூன்று என்று அழுத்தினார்கள். தவறு, இரண்டு பேர் என்றது திரை.

"ரெண்டுன்னு நெனச்சுத்தான் கை வச்சேன்," என்றான் அவன்.

"விடுங்க, அதுவே சொல்லுதுல்ல," என்றாள் மனைவி.

இரண்டு ஜாக்கெட்டோடு படகு போய்விட்டது. துறையில் வேறு பயணிகள் இல்லை. அப்போது யாரும் தொடாமலே திரையில் ஒன்று என்ற எண் விழுந்தது. கேமரா பார்த்தது. தவறு, யாரும் இல்லை. மறுபடியும் ஒன்று. தவறு, யாரும் இல்லை. மூன்றாவது முறை விழுந்தபோது திரைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஈரம் படிந்திருந்தது.

"டச் ஸ்கிரீன் கோளாறு," என்றாள் மங்கையர்க்கரசி.

சவரிமுத்து ஜாக்கெட் குவியலில் சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்தார். பட்டைகளைக் கழற்றினார். திரைக்கு முன்னால் போய், குனிந்து, அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.