கிளைவின் சத்தம்

“சத்தத்தைக் குறைங்க, கிளைவ்.”

மேடையில் எல்லோரும் லியானைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரம்ஸுக்குப் பின்னாலிருந்த நெவ் குச்சிகளை மடியில் போட்டுவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார். இனி வேடிக்கைதான் என்று அவருக்குத் தெரியும்.

லியான் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் ஹோவர்ட் சொல்லியிருந்தார். “என்ன வேணா கேளு. கிளைவைச் சத்தம் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்டுடாதே. கேட்ட மூணு பேரும் இப்போ வீட்ல இருக்காங்க.”

‘கோல்டு ஃபவுண்ட்ரி’ இசைக்குழுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இது அவர்களுடைய நான்காவது பிரியாவிடைப் பயணம். பர்மிங்ஹாமில் அன்று மாலை நிகழ்ச்சி. மேடை ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒத்திகைக்காக முதல் பாட்டை வாசித்து முடித்திருந்தார்கள். இவ்வளவு பெரிய குழுவுக்கு ஒலி கலக்கும் மேசையில் உட்கார லியானுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. டட்லியில் பஸ் ஓட்டும் அவள் அப்பா டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அந்த மேசையை விட்டு எழுந்து, மேடை விளிம்புவரை வந்து நின்றுதான் அவள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

கிதார் வாசிக்கும் கிளைவ் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எழுபத்து நான்கு வயதுக்குத் தோல் கால்சட்டை. அவருக்குப் பின்னால் எட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் சுவர்போல் நின்றன.

“டெஸ், இந்தப் பொண்ணு என்னடா சொல்லுது?”

“உன்னைக் குறைக்கச் சொல்றா,” என்றார் பாடகர் டெஸ், தோளில் தொங்கிய பேஸ் கிதாரைச் சரிசெய்தபடி.

“ஓஹோ. யாரு படிக்க வச்சாங்க உன்னை, கண்ணு?”

“நானேதான் படிச்சேன். எங்க வீட்ல காலேஜ் போன முதல் ஆள்.”

“சத்தத்துக்கெல்லாம் பட்டம் குடுக்கிறாங்களாம் டெஸ். நாங்க இரும்பு ஆலையில படிச்சவங்கம்மா. சம்மட்டிக்குப் பக்கத்துல.”

“பார்த்தாலே தெரியுது.”

நெவ் தேநீரைச் சிந்திக்கொண்டார்.

“போன மாசம் ஷெஃபீல்டுல டெஸ் பாடினது ஒரு வரிகூடக் கேக்கலைன்னு பேப்பர்ல வந்துச்சு,” என்றாள் லியான். “மேசையில உட்கார்ந்தவர் செவிடான்னு எழுதினாங்க. எனக்கு முன்னாடி இருந்த பாலுக்கு வேலை போச்சு. அவர் என்ன பண்ணுவார்? உங்க பெட்டியிலேர்ந்து நேரா வர்ற சத்தத்தை மேசையில குறைக்க முடியாது. நீங்கதான் குறைக்கணும்.”

“பாலுக்குக் காது கிடையாது. இப்ப வர்ற எவனுக்கும் கிடையாது. உனக்கும் இல்ல.”

“டெஸ், அமுங்கிப்போறது உங்க குரல். நீங்களாவது சொல்லுங்க.”

“இங்க பாரு பாப்பா,” என்றார் டெஸ். “இப்ப அடிச்சான் பாரு, என் பேன்ட்டு படபடன்னு ஆடிச்சு. அதுதான் எங்க குழு. அதைக் குறைச்சிட்டா கல்யாண வீட்லதான் போய் வாசிக்கணும்.”

“என் பல்செட்டே ஆடிப்போச்சு,” என்றார் நெவ். “இன்னிக்கு வழக்கத்தைவிடத் தூக்கல்னு நானே நெனச்சேன்.”

“நெஜமாவா, நெவ்?”

“அம்பத்திரண்டு வருஷமா இவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?”

ஹோவர்ட் காதிலிருந்த மஞ்சள் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டே ஓடி வந்தார். “லியான், உனக்கு மூளை இருக்கா? மன்னிப்புக் கேளு.”

“நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. எப்படி இருந்துச்சு கிளைவ் வாசிச்சது?”

“நெஞ்சைப் பிளந்துச்சு. எப்பவும்போல.” அவளுக்குச் சொன்ன பதிலைக் கிளைவைப் பார்த்துச் சொன்னார்.

“சரி. இன்னொரு தடவை வாசிங்க. என் மேல தப்புன்னா மன்னிப்புக் கேக்கறேன்.”

கிளைவ் சிரித்தார். கிதாரிலிருந்த திருகைக் கடைசிவரை முறுக்கினார். “நல்லாக் கேட்டுக்கோ, பட்டதாரி.”

நெவ் குச்சிகளைத் தட்டி எண்ணினார். டிரம்ஸ் இடித்தது. டெஸ்ஸின் பேஸ் பலகைகளை அதிரவைத்தது. கிளைவ் காலை அகட்டி, கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து விரல்களை ஓடவிட்டார். முகமெல்லாம் பிரசவ வலி. ஹோவர்ட் பஞ்சை மறுபடி காதில் திணித்துக்கொண்டு தலையாட்டினார்.

பாட்டு முடிந்ததும் டெஸ் அவரைக் கட்டிப்பிடித்தார். “கிழவா, இன்னும் அதே கைடா உனக்கு.”

“இப்ப என்னம்மா சொல்றே?” என்றார் கிளைவ், மூச்சு வாங்க.

லியான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

“அப்படியே வாசிங்க. குறைக்கவே வேண்டாம்.”

“அப்ப மன்னிப்பு?”

“அதை நீங்க பால்கிட்டக் கேக்கணும்.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி ஹோவர்டின் கையில் வைத்தாள். “ராஜினாமா உங்க மெயில்ல இருக்கு. முதல் தடவை வாசிச்சு முடிச்சதுமே அனுப்பிட்டேன்.”

ஹோவர்ட் பஞ்சை எடுத்துவிட்டு, அவளை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள்.

“அப்புறம் எதுக்கு ரெண்டாவது தடவை வாசிக்கச் சொன்னே?”

“என் காதையே என்னால நம்ப முடியல.”

“வெளிய போனா இந்த நாட்ல ஒரு மேசையிலயும் உன்னை உட்கார விடமாட்டேன்.”

லியான் மேடையின் பக்கவாட்டில் ஏறி, பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து, காலையில் தானே அணைத்து வைத்திருந்த கிளைவின் கிதார் ஆம்ப்ளிஃபயரை, அந்தப் பெட்டிகளுக்குச் சத்தம் தருவதை, ஆன் செய்துவிட்டு வெளியே நடந்தாள்.