எறிந்த கற்கள்

"மோஷே, உம்மை நல்ல சிநேகிதன் எண்டு நினைச்சனான். என்ர மனிசியின்ர கல்லறையில கல்லைக் கொண்டுவந்து வைக்கிறீரே, இது என்ன பழக்கம்?"

சூசைதாசன் கையிலிருந்த கூழாங்கல்லை மோஷேயின் மேசையில் வைத்தார். படகு எஞ்சின் திருத்துகிற கை. கல்லிலும் எண்ணெய் ஒட்டியிருந்தது.

உப்புவெளியில் வெள்ளைக்காரருக்குக் கடலுக்கடியில் சுழியோடக் கற்றுக்கொடுக்கிறவர் மோஷே. கனகாலம் இங்கேயே இருப்பதால் தமிழ் நன்றாக வரும்.

"நான் வைக்கேல்லை."

"இந்த ஊரில உம்மை விட்டா வேற யூதர் ஆர்? கல்லறையில கல் வைக்கிறது உங்கட ஆக்களாம். பாதர் சொன்னவர்."

"ஓம், வைப்பம். பூ வாடிப்போகும், கல்லு கிடக்கும். உன்னை மறக்கேல்லை, வந்திட்டுப் போறன் எண்டு செத்தவைக்குச் சொல்றது."

"செத்தவைக்கு அது விளங்குமோ?"

"அதை எங்கட ஆக்கள் ரெண்டு பேரிட்டக் கேட்டா மூண்டு மறுமொழி வரும்."

சூசைதாசன் சிரிக்கவில்லை.

"எங்களுக்கு மெழுகுதிரியும் பூவும் காணும். கிழமைக்குக் கிழமை கல்லு. இது ஒண்டைத் தவிர எல்லாத்தையும் சவக்காலை மதிலுக்கு அங்கால எறிஞ்சனான்."

"எறிஞ்சீரோ?"

"எறியாம? என்ர மகள் லக்சனா வேதம் மாறிக் கிண்ணியாவில ஒரு முஸ்லிம் பெடியனைக் கலியாணம் முடிச்சவள். தாயின்ர செத்த வீட்டுக்கே அவளை அண்ட விடேல்லை. பிறகு ஒளிச்சுவந்து பூ வைச்சவள். அதையும் தூக்கி எறிஞ்சனான். பெத்த பிள்ளையின்ர பூவையே விடேல்லை, உம்மட கல்லை விடுவனோ?"

மோஷே கல்லைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இஞ்ச மத்தியானச் சாப்பாடு கொண்டுவாற பிள்ளை ஒண்டு. கிண்ணியாவில கலியாணம் முடிச்சவ. ஒருநாள் என்னட்டக் கேட்டா, 'பூ வைச்சா எறியிற இடத்தில வேற என்ன அங்கிள் வைக்கலாம்?' எண்டு. நான்தான் கல்லைப் பற்றிச் சொன்னனான். ஆரின்ர கல்லறை எண்டு கேக்கேல்லை."

சூசைதாசன் எழுந்தார். கதிரை பின்னால் விழுந்ததை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மோஷே வாசல் வரை ஓடிவந்து அவர் கையில் அந்தக் கல்லைத் திணித்தார்.

பொழுது சாயும்வரை சூசைதாசன் சவக்காலை மதிலுக்கு அப்பால் குனிந்து தேடினார். புதிதாகப் போடுகிற ரோட்டுக்காக அங்கே லொறி லொறியாகக் கல் கொட்டியிருந்தார்கள். எது மகள் வைத்த கல் என்று அவருக்குத் தெரியவில்லை.

கையிலிருந்த அந்த ஒன்றை மட்டும் கொண்டுபோய் மனைவியின் தலைமாட்டில் வைத்தார்.